கமக்காரரும் கடன் நன்மதிப்பும்

நெற் செய்கையிலும் மரக்கறிச் செய்கையிலும் விதை, பசளை, உழவுக்கூலி ஆகியவற்றுக்குப் பணம் ஒரே வேளையிலே தேவைப்படுகின்றது. வருமானமோ அறுவடையின் பின்னரே கிடைக்கின்றது. இவ்விடைவெளியை நிரப்புவதற்கே வங்கிகள் பயிர்ச்செய்கைக் கடன் வழங்குகின்றன. ஒரு போகத்துக் கடனை ஒழுங்காகச் செலுத்தியவருக்கு அடுத்த போகத்துக் கடன் எளிதிற் கிடைக்கும். தவறியவரோ விதைப்புக் காலத்தில் அதிக வட்டிக்குத் தனியாரை நாட நேரிடும். அன்றேல் வயலைத் தரிசாக விட நேரிடும்.

பதிவு எங்கே உளது?

1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின்படி இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம் நிறுவப்பட்டது. மக்கள் இதனைக் "கிரிப்" என்பர். வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் தாம் கொடுத்த கடன்களின் விபரங்களை இதற்கு அனுப்புகின்றன. பயிர்க்கடன் மட்டுமன்றி, உழவு இயந்திரத்துக்குப் பெற்ற லீசிங்கும் இதில் அடங்கும். "கிரிப்பிற் பெயர் உண்டு" என்பதை இழுக்கெனக் கருதுதல் தவறாகும். கடன் பெற்ற எவருடைய பெயரும் அங்கு இருக்கலாம். அக்கடன் எவ்வாறு செலுத்தப்பட்டது என்பதே கவனிக்கப்படும். கடன் கொடுப்பதா, மறுப்பதா என்பதைத் தீர்மானிப்பது வங்கியேயன்றிப் பணியகம் அன்று.

நன்மதிப்பைப் பேணும் முறைகள்

1. தவணைத் திகதி: கையொப்பமிடுமுன் இத்திகதியைக் கேட்டறிதல் வேண்டும். நெல்லை அறுத்து, உலர்த்தி, விற்றுப் பணம் கைக்கு வரும் காலத்துக்குப் பின்னதாக அது அமைதல் நன்று. அறுவடைக்கு முன் தவணை விழுமாயின், நல்ல விளைச்சல் பெற்றவரும் தவறியவராகவே பதியப்படுவர்.

2. பணத்தை ஒதுக்கல்: நெல்லும் வெங்காயமும் விற்ற அன்றே கடனுக்குரிய பங்கை வங்கியிற் செலுத்துதல் வேண்டும். மிளகாய், கத்தரி போன்றவை பலமுறை பறிக்கப்படுவன. ஆகவே ஒவ்வொரு பறிப்பிலும் ஒரு பங்கைச் சேமிப்புக் கணக்கில் இட்டுவரின் தவணை பாரமாகாது.

3. கடனின் அளவு: செய்கைக்கு வேண்டிய தொகையை மட்டுமே பெறுதல் வேண்டும். பயிருக்கெனப் பெற்ற கடனைக் கலியாணச் செலவுக்கோ மோட்டார் சைக்கிளுக்கோ செலவிடின், அதனை அடைப்பதற்கு விளைச்சல் இராது.

4. பிணை நிற்றல்: கமக்காரர் ஒருவருக்கொருவர் பிணை நிற்பது வழக்கம். கடன் பெற்றவர் தவறினால், வங்கி பிணையாளரிடமிருந்து பணத்தை அறவிடலாம். அப்பிணை பிணையாளருடைய பதிவிலும் காணப்படும். தம் கடனை ஒருபோதும் தவறாது செலுத்திய ஒருவர், அயலவருக்காக இட்ட ஒரு கையொப்பத்தினால் விதைப்புக் கடனைப் பெறாது திரும்பக்கூடும். ஆகையால் உறவை மட்டும் நோக்காது, கடன்பெறுபவரின் செலுத்தும் வல்லமையையும் நோக்கிப் பிணை நிற்றல் வேண்டும்.

5. பயிர் அழியுமிடத்து: வெள்ளத்தாலோ வரட்சியாலோ பயிர் அழிந்தமையாற் கடன் தானாக அழிந்துவிடாது. அழிவைத் தாமதமின்றிக் கமநல சேவை நிலையத்துக்கு அறிவித்தல் வேண்டும். காப்புறுதி செய்தவர் காப்புறுதிச் சபைக்கும் அறிவித்தல் வேண்டும். தவணைத் திகதி கடக்குமுன் வங்கி முகாமையாளரைக் கண்டு, தவணையை மாற்றி அமைக்குமாறு எழுத்து மூலம் கேட்கலாம். நாணத்தால் ஒளிந்திருப்பதே கமக்காரருக்குப் பெருங்கேட்டை விளைப்பதாகும்.

6. பற்றுச்சீட்டும் அறிக்கையும்: செலுத்திய பணத்துக்குரிய பற்றுச்சீட்டுகளைப் பாதுகாத்தல் வேண்டும். கடன் முடிந்ததும் வங்கியிடமிருந்து அதற்கான கடிதத்தைப் பெறுதல் நன்று. ஒருவர் கட்டணம் செலுத்தித் தமது கடன் அறிக்கையைப் பணியகத்திடமிருந்து பெறலாம். அதிற் பிழை காணப்படின், கடன் கொடுத்த வங்கியிடம் பற்றுச்சீட்டைக் காட்டித் திருத்துவிக்கலாம். திருத்தத்துக்கு நாட்கள் செல்லுமாதலால், விதைப்புத் தொடங்கிய பின்னர் அலையாது, அதற்கு முன்னரே இதனைச் செய்தல் வேண்டும்.