மண் தாங்காது

2025 நவம்பர் 13 அன்று புதுக்கோட்டை மாவட்டம் அம்மாசத்திரம் அருகே, திருச்சி நெடுஞ்சாலையில் ஒரு செஸ்னா பயிற்சி விமானம் அவசரமாக இறங்கியது. உள்ளே இருந்த இருவரும் பிழைத்தார்கள். அன்றிலிருந்து முதுகுளத்தூர் டீக்கடைகளில் ஒரே பேச்சு: “ரோட்டுல ஏன்யா இறக்குனான்? வயக்காட்டுல இறக்கியிருந்தா மண்ணு மெத்தை மாதிரி தாங்கியிருக்கும்ல!” விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

தாங்காது. நவம்பர் மழையில் நம் கரிசலில் நடந்தால் செருப்பே திரும்பி வராது. அதில் ஒரு டன் கனம், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்து இறங்குகிறது. மூக்குச் சக்கரமோ ஸ்கூட்டர் சக்கரத்தைவிடச் சிறியது. அது புதைந்து நிற்கும்; பின்னால் வரும் உடல் நிற்காது. விமானம் குப்புறக் கவிழும். ஓட்டியவர் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்குவார். மேலே இருந்த இறக்கை தரைக்கு வந்துவிடும், அதற்குள் இருக்கும் பெட்ரோலோடு. 2023 மே மாதம் பெலகாவியில் வயலில் இறங்கிப் பிழைத்தார்களே என்கிறார்கள். மே மாத நிலமும் நவம்பர் நிலமும் ஒன்றா?

உயிரைக் காப்பது குறைந்த வேகம். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானம் 3 மீட்டருக்குள் சீராக நின்றால்கூட, தோள்பட்டை பெல்ட் போட்டவர் பிழைக்கலாம். வேகம் இரட்டித்தால் அந்தத் தூரம் நான்கு மடங்கு வேண்டும். அதனால்தான் வேகம் குறையக் காற்றை எதிர்த்து, சீராக நிற்க உழவுச்சால் ஓடும் திசையிலேயே இறங்கு என்று மாணவர்களைப் படுத்தி எடுக்கிறோம்.

காய்ந்த கண்மாயில் இறங்கினால்? மேலிருந்து பார்த்தால் வெறும் பொட்டல்தான். கரிமூட்டத்துக்கு வெட்டியவர்கள் விட்டுப்போன சீமைக்கருவேல அடிக்கட்டை, கிட்டே வந்த பிறகுதான் தெரியும். சக்கரக்காலைப் பிடுங்கி எறிய ஒரு கட்டை போதும். தூரோடு தோண்டியெடுங்கள் என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

இன்ஜின் நின்றால் விமானம் கல்லாய் விழும் என்பது பொய். 1,000 அடி உயரத்திலிருந்து இரண்டரைக் கிலோமீட்டர்வரை மிதந்து வரலாம். பெட்ரோலை வானிலேயே கொட்டிவிடுவார்கள் என்பதும் பொய். இந்தச் சிறு விமானங்களில் அந்த வசதியே கிடையாது. ரோடு என்றாலே பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம். மின்கம்பி இருக்கிறது, லாரி இருக்கிறது.

நம் ஊர்ப் பக்கம் விமானம் இறங்கினால் செல்போனைத் தூக்கிக்கொண்டு சூழாதீர்கள். 108-ஐ அழையுங்கள். பீடியை அணையுங்கள், புரொப்பல்லர் பக்கம் போகாதீர்கள். தலைகீழாகத் தொங்குபவரின் தோளைத் தாங்கிப் பிடிக்காமல் பெல்ட்டை அறுக்காதீர்கள், கழுத்து முறியலாம்.