கூத்து அங்கி தைக்கப் பழகுவோம்



யோப்பா பட்டணத்துத் தொற்காள் தைத்துக் கொடுத்த அங்கிகளைக் கைம்பெண்கள் பேதுருவுக்குக் காட்டி அழுததை அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். இப்பாடத்தில் நாமும் ஓர் அங்கி தைக்கப் பழகுவோம்.

தவக்காலத்தில் திருப்பாடுகளின் காட்சி, பெருநாளில் நாட்டுக்கூத்து என்று நமது ஊர்களில் பழைய காலத்து உடுப்புகள் தேவைப்படுகின்றன. 1965இல் மரியசேவியர் அடிகள் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் இத்தகைய நாடகங்களைப் பெரிய மேடைகளில் ஏற்றியது. சீடர், சேவகர், சனக்கூட்டம் ஆகிய எல்லாருக்கும் அடிப்படை உடுப்பு ஒன்றே: நீண்ட அங்கி. 1990இல் வலிகாமம் வடக்கில் தோட்டங்களை விட்டு இடம்பெயர்ந்தவர்கள் மருதனார்மடச் சந்தையில் மரக்கறி விற்ற கைகளாலேயே இதையும் செய்யலாம்.

முற்காலத்தில் துணி அருமையானது. ஆகவே நேர்கோட்டில் வெட்டி, வீணாக்காமல் தைத்தார்கள். 1921இல் கிறீன்லாந்தின் பழைய தேவாலய மயானமொன்றைத் தோண்டியபோது, அங்கு வாழ்ந்த கமக்காரரின் கம்பளி அங்கிகள் கிடைத்தன. அவற்றின் கீழ்விரிவு முக்கோணத் துண்டுகளால் வந்தது. நமது முறையும் அதுவே.

தேவை: 45 அங்குல அகலத்தில், இருபுறமும் ஒன்றான பருத்தித் துணி 2½ யார். முதலில் நனைத்து உலர்த்துங்கள்.

1. நீளவாக்கில் 24 அங்குல அகலத் துண்டை வெட்டுங்கள். இது உடம்பு. இரண்டாக மடித்தால் மடிப்பு தோளில் வரும்.

2. மிஞ்சும் 21 அங்குலப் பட்டியில் கை இரண்டு (21×20), நீள்சதுரம் இரண்டு (10½×30), கமக்கட்டுச் சதுரம் இரண்டு (5×5) வெட்டுங்கள். மீதி கழுத்துப் பட்டிக்கு.

3. நீள்சதுரங்களை மூலைக்கு மூலை வெட்டி, நேர்ப்பக்கங்களை இவ்விரண்டாக இணையுங்கள். இரண்டு முக்கோணங்கள் கிடைக்கும்.

4. மடிப்பின் நடுவில் 7 அங்குல அகலத்தில் கழுத்து வெட்டி, முன்னால் 6 அங்குலம் கீறிப் பட்டி வையுங்கள்.

5. கையின் நடுவைத் தோள் மடிப்பில் பொருத்தித் தையுங்கள். கைக்கும் உடம்புக்கும் இடையே சதுரத்தையும், அதன்கீழ் முக்கோணத்தையும் வைத்துப் பக்கங்களை மூடுங்கள். கீழ்மூலைகளை வளைத்து வெட்டி மடித்துத் தையுங்கள். கீழ்ச்சுற்று ஏறக்குறைய 84 அங்குலம் வரும்.

கமக்கட்டுச் சதுரத்தை விட்டுவிடாதீர்கள். கூத்தர் கை உயர்த்தி ஆடும்போது முதலில் கிழிவது அந்த இடமே.

முதல் அங்கியைப் பழைய சேலையில் வெட்டிப் பழகுங்கள். ஆறு யார்ச் சேலையில் இரண்டு அங்கி வரும். வேலை கேட்டு வருவோரிடம் துணிக்காசை முன்பணமாக வாங்குங்கள். செலவழித்த மணித்தியாலங்களையும் கூலியில் சேருங்கள். கடனில் துணி வாங்கித் தைத்தால் உழைப்பு வட்டிக்கே போகும்.

சிந்திக்க: உங்கள் முகாமில் அல்லது அயலில் தையல் மெசின் உள்ளவர் யார்? அவரோடு சேர்ந்து வெட்டவும் தைக்கவும் யார் யார் முன்வருவர்?