ஹாஸ்டல் முதல் வருஷம்: எடை ஏறாமல் காக்கும் 5 கேள்விகள்

நேற்றுவரை அம்மா தட்டில் வைத்ததைச் சாப்பிட்டீர்கள். இன்று எதை, எப்போது, எவ்வளவு என்பதெல்லாம் உங்கள் முடிவு. இரவு 11 மணிக்குப் பரோட்டா, எக்ஸாம் வந்தால் நூடுல்ஸ், தூக்கத்தை விரட்ட டீ. இப்படி ஏறும் எடைக்கு அமெரிக்காவில் 'ஃப்ரெஷ்மேன் 15' என்று பெயரே உண்டு. முதல் வருஷத்தில் 15 பவுண்டு ஏறுமாம். அது மிகை. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் சராசரி ஏற்றம் சுமார் ஒன்றரை கிலோதான். ஆனால் வருஷா வருஷம் அதே அளவு சேர்ந்தால், பிளேஸ்மென்ட் சீசனில் நாலைந்து கிலோ கூடுதலாகச் சுமந்துகொண்டு நிற்பீர்கள்.

இதற்கு அட்வைஸ் எடுபடாது. "பரோட்டாவை விடு" என்று யாராவது சொன்ன உடனே மனசு பரோட்டாவுக்கு வக்கீலாகிவிடும். குடியை விட நினைப்பவர்களிடம் இதையே கவனித்த உளவியலாளர் வில்லியம் மில்லர், 1983-ல் ஒரு கவுன்சலிங் முறையை முன்வைத்தார். பெயர், மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங். இதில் கவுன்சலர் உத்தரவு போடமாட்டார், கேட்பார். மாறுவதற்கான காரணம் உங்கள் வாயிலிருந்தே வரும். காலேஜில் கவுன்சலர் இருந்தால் போய்ப் பாருங்கள். இல்லையென்றால் நம்பகமான ரூம்மேட்டை இந்த ஐந்து கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள்.

1. எனக்கு என்ன லாபம்?
சுயநலமாகவே யோசியுங்கள். மதியம் லேபில் கண் சொருகக்கூடாது, மூன்று மாடி ஏறினால் மூச்சு வாங்கக்கூடாது, கைச்செலவு மிச்சமாக வேண்டும். எதுவானாலும் அது உங்கள் காரணமாக இருக்கட்டும். அடுத்தவர் கிண்டலுக்காகத் தொடங்கினால் ஒரு வாரம் தாங்காது.

2. பத்துக்கு எத்தனை மார்க்?
எடையைக் கட்டுக்குள் வைப்பது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? நான்கு என்றால், "ஏன் எட்டு இல்லை?" என்று கேட்காதீர்கள், சாக்குதான் வரும். "ஏன் இரண்டு இல்லை?" என்று கேளுங்கள். காரணங்கள் வரும். அடுத்து, "முடியும் என்ற நம்பிக்கைக்கு எத்தனை மார்க்?" என்று கேளுங்கள். அது குறைவாக இருந்தால் இலக்கைச் சின்னதாக்குங்கள்.

3. ஓட்டை எங்கே?
மூன்று நாள் சாப்பிட்டதையெல்லாம் மொபைலில் குறியுங்கள். இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு நாலு டீ குடித்தால் சர்க்கரை மட்டும் 30 கிராமைத் தாண்டும். ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மெஸ் சாப்பாட்டைத் திட்டும் முன் டீக்கடைக் கணக்கைப் பாருங்கள்.

4. இந்த வாரம் எந்த ஒன்று?
ஒன்றே ஒன்று. 'ஹெல்தியாக இருப்பேன்' என்பது பிளான் இல்லை. 'பத்து மணிக்கு மேல் ஆர்டர் போடமாட்டேன்' என்பது பிளான். உடற்பயிற்சிக்கு வாரம் 150 நிமிடம் போதும். கிளாஸுக்கு வேகமாக நடப்பதும் அதில் சேரும்.

5. சறுக்கினால்?
பிறந்தநாள் ட்ரீட்டில் ஒரு கட்டு கட்டிவிட்டீர்களா? "எனக்குக் கட்டுப்பாடே இல்லை" என்று புலம்பாதீர்கள். "மற்ற ஆறு நாள் எப்படிச் சமாளித்தேன்?" என்று கேளுங்கள். வேலை செய்யும் டெக்னிக் அந்தப் பதிலில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. எல்லோரும் எடை குறைக்க வேண்டியதில்லை. இந்தியர்களுக்கு பிஎம்ஐ 23-ஐத் தொடும்போதுதான் கவனம் தேவை. பட்டினி கிடப்பது, சாப்பிட்டதை வாந்தியெடுப்பது, சாப்பாட்டைக் கண்டாலே பயப்படுவது போன்றவை தெரிந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள்.

நாலு வருஷம் கழித்து, உங்களோடு படித்தவர்களே இன்டர்வியூ ஹாலில் போட்டியாளர்கள். தெம்பாக நிற்பவருக்கு அனுகூலம் உண்டு. இன்றிரவே ரூம்மேட்டிடம் இரண்டாவது கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள். ஒரே நிபந்தனை: நீங்கள் பதில் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசக்கூடாது.