காபரேற்றரில் கை வைக்குமுன் டாங்கி மூடியைத் திறவுங்கள்

"ஓடிக்கொண்டு போகேக்க இழுத்து இழுத்து நிக்குது தம்பி. கொஞ்ச நேரம் விட்டிட்டு உதைச்சா திரும்பவும் வருது." சுன்னாகத்திலோ நெல்லியடியிலோ மோட்டார் சைக்கிள் கராஜ் ஒன்றில் வேலை பழகப் போகிறவருக்கு இந்த முறைப்பாடு சீக்கிரமே வந்து சேரும். உடனே ஸ்குறூ டிரைவரோடு காபரேற்றருக்குப் பக்கத்தில் குந்துவதுதான் புதியவரின் வழக்கம். வேண்டாம். முதலில் டாங்கி மூடியைத் திறவுங்கள். உஸ் என்று காற்று உள்ளே இழுபட்டால் வேலை பாதி முடிந்தது. மூடியில் உள்ள மூச்சுத் துளை துருவாலோ அழுக்காலோ அடைபட்டிருக்கிறது. பெற்றோல் இறங்க இறங்க மேலே வெற்றிடம் உண்டாகி, மிச்சத்தை இறங்கவிடாமல் பிடிக்கிறது. வண்டி நின்ற சில நிமிடத்தில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போவதால் திரும்ப ஓடுகிறது. துளையைச் சுத்தம் செய்ய ஐந்து நிமிடம் போதும். இது தெரியாமல் காபரேற்றரைப் பிரித்துப் பூட்டி, புது 'கிற்' போட்டுக் காசு வாங்கினால், வாடிக்கையாளர் அடுத்த நாளே வண்டியை உருட்டிக்கொண்டு வருவார்.

காபரேற்றர் காலம் முடிந்துவிட்டது, இதை ஏன் பழக வேண்டும் என்று கேட்கலாம். இந்தியாவில் 2020 ஏப்ரலில் புதிய புகை விதி வந்தபின் அங்கு தயாராகும் வண்டிகள் பெரும்பாலும் இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டன. ஆனால் இலங்கை அதே 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025 பெப்ரவரியில்தான் கதவு திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சுமந்தவை பழைய வண்டிகள்: சிடி 100, ஸ்பிளெண்டர், பல்சர், அவற்றுக்கும் மூத்த ஹொண்டா சாலி, எம்டி 90. இவை இன்னும் பல வருடம் ஓடும். இன்ஜெக்ஷனையும் பழகுங்கள், ஆனால் காபரேற்றரைத் தெரியாமல் யாழ்ப்பாணத்தில் கராஜ் நடத்த முடியாது.

காபரேற்றரின் தத்துவத்தைப் பாடப்புத்தகம் இல்லாமலே படித்த ஒரு தலைமுறை இங்கே உண்டு. 1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு பிளாஸ்ரிக் போத்தலில் வைத்திருந்த பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் பீச்சி எஞ்சினை உதைத்து எழுப்புவார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும். ஏன் அந்தச் சில துளி? எஞ்சினுக்குள் எரிவது திரவம் இல்லை, ஆவி. பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய்க்குச் சூடு வேண்டும். அதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது: வெள்ளைப் புகை, கரி பிடித்த பிளக், எரியாத எண்ணெய் கீழே வழிந்து நீர்த்துப்போன எஞ்சின் ஒயில், ஏற்றத்தில் டொக்டொக் என்ற தட்டல். இந்த அடையாளங்களை மனதில் வையுங்கள். கலப்படப் பெற்றோல் அடித்த வண்டி இன்றைக்கும் இதையேதான் காட்டும். சந்தேகமா? வெள்ளைக் கடதாசியில் ஒரு சொட்டு விட்டுக் காயவிடுங்கள். நல்ல பெற்றோல் தடம் இல்லாமல் பறந்துவிடும். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் எண்ணெய்க் கறை நிற்கும்.

சரி, மூடியில் பிழை இல்லை. அடுத்தது ஓட்டம். காபரேற்றரில் இருந்து பெற்றோல் குழாயைக் கழற்றி ஒரு தெளிவான கண்ணாடிப் போத்தலுக்குள் விட்டு, டாங்கியின் கீழுள்ள பெற்றோல் கொக்கைத் திறவுங்கள். அறாமல் ஒரே சீராக விழ வேண்டும். முதலில் பாய்ந்து பிறகு சொட்டுச் சொட்டானால் கொக்குக்கு மேலே டாங்கிக்குள் நிற்கும் சல்லடையோ, இடையில் போட்ட பில்டரோ அடைப்பு. சில ஸ்கூட்டர்களில் எஞ்சின் இழுக்கும்போது மட்டும் திறக்கும் கொக் உண்டு; வண்டி நிற்கையில் அதில் பெற்றோல் வராது. பழுதென்று அதை மாற்றிவிடாதீர்கள். போத்தலைச் சற்று நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகப் படியும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப்பின் வரும் வண்டிகளில் இதைப் பார்க்காமல் மேலே போகவே கூடாது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் கிடைத்த நாட்களில் வெறும் டாங்கியோடு மாதக்கணக்கில் நின்று உள்ளே துருப்பிடித்த வண்டிகள் இன்னும் வருகின்றன. அவற்றுக்கு டாங்கியைக் கழற்றிக் கழுவாமல் காபரேற்றரை மட்டும் சுத்தம் செய்வது வீண் வேலை.

இதற்குப் பிறகுதான் காபரேற்றர். அப்போதும் வண்டிக்காரர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டால் எந்த ஜெட்டில், அதாவது பெற்றோல் வரும் சிறு துளையில், பிழை என்பது கழற்றுமுன்னே தெரியும். சோக் இழுத்தால் மட்டும் நிற்காமல் ஓடுகிறது, சோக்கை விட்டால் அணைகிறது என்றால் சின்ன ஜெட் அடைப்பு, இல்லாவிட்டால் எஞ்சினோடு சேரும் ரப்பர் வெடித்துக் காற்று இழுக்கிறது. மெதுவாக நன்றாக ஓடி, முறுக்கினால் இழுக்காவிட்டால் பெரிய ஜெட்டைப் பாருங்கள். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: கறுத்துப் புகை படிந்திருந்தால் பெற்றோல் கூட, வெளுத்திருந்தால் குறைவு, இளம் மண்ணிறம் சரி.

ஜெட் சுத்தம் செய்வதில்தான் கை பழகாதவர் அதிகம் கெடுக்கிறார். தையல் ஊசி, பிறேக் கம்பி என்று கைக்கு அகப்பட்டதை விடுவார்கள். ஜெட் பித்தளை, இரும்பு அதைச் சுரண்டிவிடும். துளை மயிரிழை பெருத்தாலும் வண்டி பெற்றோல் குடிக்கத் தொடங்கும், காரணம் எவருக்கும் பிடிபடாது. மீன்பிடிக்காரர் பாவிக்கும் மெல்லிய தங்கூசி நூல் ஒரு துண்டு போதும். கிளீனரில் ஊறவிட்டு, தங்கூசியை விட்டு எடுத்து, காற்றடித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். ஒரு ஓரம் நிழலாக இருந்தால் இன்னும் அழுக்கு இருக்கிறது. ஜெட்டில் பொறித்த எண்ணை எழுதி வையுங்கள். மலிவுக் கிற்றில் வரும் ஜெட்டின் எண் பல வேளை வேறாக இருக்கும். பழையது நல்லதென்றால் பழையதையே பூட்டுங்கள்.

பெற்றோல் ஒழுகும் வண்டியில் மிதவையையும் அதன் ஊசியையும் பாருங்கள். முதலில் மிதவை இருக்கும் கிண்ணத்தை ஸ்குறூ டிரைவரின் பிடியால் மெல்லத் தட்டுங்கள். ஊசியில் சிக்கிய தூசி விழுந்து ஒழுக்கு நிற்கலாம். நிற்காவிட்டால் மிதவையைக் கழற்றிக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டுங்கள். உள்ளே பெற்றோல் குலுங்கினால் ஓட்டை. சுடுதண்ணீரில் அமுக்கிப் பிடித்தால் குமிழி வரும் இடம்தான் அந்த ஓட்டை. ஊசி முனையில் வளையமாகத் தேய்மானம் கண்டால் மாற்ற வேண்டியதுதான்.

காபரேற்றரின் பக்கவாட்டில் உள்ள கலவை ஸ்குறூவைக் கழற்றுமுன் மெல்ல இறுதிவரை உள்ளே திருகி எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். பூட்டும்போது அதே எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். ஸ்குறூ பில்டர் பக்கம் இருந்தால் அது காற்று. வெளியே திருப்பினால் பெற்றோல் விகிதம் குறையும். எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெற்றோல். வெளியே திருப்பினால் கூடும். இரண்டையும் குழப்பி மணிக்கணக்காகத் திருகிக்கொண்டிருக்கும் ஆட்கள் உண்டு. பல்சர் போன்றவற்றின் காபரேற்றரில் மேலே மெல்லிய ரப்பர்ச் சவ்வு இருக்கும். அதில் கிளீனர் படக்கூடாது, ஊதிப் பாழாகும்.

வாயால் குழாயை உறிஞ்சிப் பெற்றோல் எடுக்கும் வேலையை முதலாளி செய்தாலும் நீங்கள் செய்யாதீர்கள். நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம், நிலத்தோடு தவழும். ஆகவே வெல்டிங் நடக்கும் மூலையில் காபரேற்றர் வேலை வேண்டாம்.

வண்டி எண், முறைப்பாடு, கண்ட பிழை, ஜெட் எண், ஸ்குறூச் சுற்று என்று ஒவ்வொரு வேலையையும் கொப்பியில் எழுதுங்கள். கழற்றிய பழைய பாகத்தை வாடிக்கையாளர் கையில் கொடுங்கள். மூடித் துளைக்கு ஐந்து நிமிடம்தான் செலவானாலும் பிழை கண்டுபிடித்ததற்குக் கூலி கேட்க வெட்கப்படத் தேவையில்லை. கராஜில் பழகிய அனுபவத்தை வீணாக்கவும் வேண்டாம். பாடநெறிக்குப் போகாமல் கராஜிலேயே தொழில் கற்றவர்களையும் சோதித்து, முன்கற்றல் அடிப்படையில் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை நாட்டில் இருக்கிறது. தொழிற் பயிற்சி அதிகார சபையின் யாழ்ப்பாண அலுவலகத்தில் விசாரியுங்கள். போகும்போது அந்தக் கொப்பியையும் கொண்டுபோங்கள்.