விசிறி நின்றால் மோட்டாரா குற்றவாளி?

நம் நாக்பூர் வெயிலில் பழைய மாருதி 800 ஓட்டும் அன்பர்களுக்காக இதை எழுதுகிறேன். நெரிசலில் நிற்கும்போது சூட்டுமுள் ஏறி, ஓட்டத்தில் இறங்கினால் ரேடியேட்டர் விசிறியைச் சந்தேகியுங்கள். ஓடும்போது எதிர்க்காற்றே போதும். நின்றால்தான் விசிறி வேண்டும்.

சென்ற மே மாதம் சீதாபர்டியில் எனக்கு இதுவே நேர்ந்தது. பின்னிருக்கையில் பேத்தி. எஞ்சினை அணைத்து ஓரங்கட்டினேன். ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை. திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். மெக்கானிக் ஒருவர் மோட்டாரையே மாற்றச் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

வீட்டில், நன்றாக ஆறிய பின், முதலில் நீர்மட்டம் பார்த்தேன். நீர் குறைந்தால் தெர்மோ சுவிட்ச் காற்றில் நின்றுவிடும். சூடு அதற்குத் தெரியாது. மட்டம் சரி, ஃப்யூஸும் சரி. சாவியைப் போட்டு, சுவிட்சின் இரு ஒயர்களையும் சேர்த்தேன். சுற்றியிருந்தால் சுவிட்ச்தான் பழுது. சுற்றவில்லை. மோட்டார் பிளக்கைக் கழற்றி, பேட்டரியிலிருந்து நேரே 12 வோல்ட் கொடுத்தேன். ஜோராகச் சுழன்றது!

ஆனால் வண்டியின் ஒயர் வரும் பிளக்கிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டியது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகச் சொற்பம். அரித்துப்போன இணைப்பும் அதைக் கடத்திவிடும். ரயில்வேயில் பழகியபடி அதே பிளக்கில் 21 வாட் பல்பைப் பொருத்தினேன். மின்மினிபோல் எரிந்தது. தேடினால், எர்த் ஒயரின் நுனி பச்சை பூத்துக் கிடந்தது. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினேன். செலவு உப்புத்தாள் மட்டுமே.

விசிறியருகே கை வைக்குமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். சில வண்டிகளில் சாவியை எடுத்த பின்னும் அது திடீரெனச் சுழலும்.