அடுக்களையில் கொசு ஒழிப்பு: வீட்டின் வேலையும் பஞ்சாயத்தின் கடமையும்

கொசு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் ஊர்க் குளத்தையும் வயற்காட்டையும் சுட்டிக் காட்டுவர். வயலிலும் குளத்திலும் கொசு உற்பத்தியாவது உண்மையே. ஆயினும், பகற்பொழுதில் அடுக்களையில் நின்று சமைக்கும் தாய்மார்களின் காலைக் கடிக்கும் கொசு பெரும்பாலும் அங்கிருந்து வந்ததன்று. அது அந்த வீட்டிலோ, அடுத்த வீட்டிலோ பிறந்தது. நாம் சேர்த்து வைத்த நீரிலேயே வளர்ந்தது. இந்த ஓர் உண்மையை உணர்ந்துவிட்டால் அதனை ஒழிக்கும் வழியும் எளிதில் விளங்கும்.

இதனை வெறும் தொல்லை என்று கருதிவிடலாகாது. நம் மாநிலத்தில் 2012-ஆம் ஆண்டில் 12,000-க்கும் மேற்பட்டோரும், 2017-ஆம் ஆண்டில் 23,000-க்கும் மேற்பட்டோரும் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாயினர். அவ்விரண்டு ஆண்டுகளிலும் ஆண்டுக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இந்நோயைப் பரப்பிய கொசு வளர்ந்த இடங்கள் குடமும் தொட்டியும் கொட்டாங்கச்சியுமே.

மூவகைக் கொசுக்கள்

நோய் பரப்பும் கொசுக்களில் மூன்று வகைகளை நாம் முக்கியமாக அறிந்திருக்க வேண்டும். முதலாவது ஏடிஸ். கரிய உடலிலும் கால்களிலும் வெள்ளை வரிகள் உடையது. தெளிந்த நீரில் முட்டையிடும், பகலில் கடிக்கும். டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்புவது இதுவே. இரண்டாவது கியூலெக்ஸ். சாக்கடையிலும் அங்கணத்து நீர் தேங்கும் குழியிலும் வளர்ந்து, இரவில் கடிப்பது. யானைக்கால் நோயைப் பரப்புவது. மூன்றாவது அனாபிலிஸ். வால் பாகத்தை உயர்த்தி, உடல் சாய்ந்து அமர்வது; மலேரியாவைப் பரப்புவது. இவ்வினத்தில் ஒரு வகை கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் வளரும்.

ஏடிஸ் கொசு காலையில் வெயில் ஏறும் பொழுதிலும், மாலையில் பொழுது சாயும் முன்னரும் மிகுதியாகக் கடிக்கும். அடுப்பு எரியும் வேளைகளும் அவையே. பானையடுக்கின் பின்புறம், அலமாரியின் அடி, தொங்கும் துணிகளின் மறைவு போன்ற இருண்ட, ஈரமான இடங்களில் அது தங்கும். அடுக்களையில் அதன் தொல்லை மிகுந்திருப்பதற்கு இதுவே காரணம்.

ஒரு வாரக் கணக்கு

முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு என நான்கு பருவங்கள் உண்டு. முதல் மூன்று பருவங்களுக்கும் நீர் தேவை. நம் நாட்டு வெப்பத்தில் முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும். ஆகவே, எந்தப் பாத்திரத்திலும் நீர் ஒரு வாரத்திற்கு மேல் நில்லாதபடி பார்த்துக் கொண்டால், அதில் கொசு பிறக்க வழியில்லை.

ஆனால் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் கொசு தன் முட்டைகளை நீர்மட்டத்தை ஒட்டிப் பாத்திரத்தின் சுவரில் ஒட்டி வைக்கிறது. அவை உலர்ந்த பின்னும் பல மாதங்கள் உயிரோடு இருந்து, மீண்டும் நீர் பட்டவுடன் பொரிக்கும். ஆதலால் உட்புறத்தைத் தேங்காய் நாராலோ துடைப்பத்தாலோ அழுத்தித் தேய்த்துக் கழுவுதல் இன்றியமையாதது.

அடுக்களையைச் சுற்றி வருவோம்

வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக் கொண்டு, கீழ்க்கண்ட இடங்களை வரிசையாகப் பார்க்க வேண்டும்.

1. குடிநீர்க் குடம், தவலை, அண்டா, டிரம்: தேய்த்துக் கழுவி, இடைவெளியின்றி மூடி வைக்க வேண்டும். மூடி சரியாகப் பொருந்தாவிடில் நெருக்கமாக நெய்த துணியைக் கட்டலாம்.

2. எறும்பு ஏறாதிருக்க அலமாரியின் கால்களுக்கு அடியில் வைக்கும் நீர்க் கிண்ணம்: வாரந்தோறும் தேய்த்து நீரை மாற்ற வேண்டும்.

3. குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்திலுள்ள தட்டு: பலர் இதனைக் கண்டதேயில்லை. அதில் சொட்டும் தெளிந்த நீர் ஏடிஸ் கொசுவுக்கு ஏற்ற இடம்.

4. கொல்லையிலுள்ள ஆட்டுக்கல்லும் உரலும்: அரைக்கும் இயந்திரம் வந்த பின் வெளியே போடப்பட்ட இவற்றின் குழியில் மழைநீர் தேங்குகிறது. கவிழ்க்க முடியாவிடில் குழியை மண்ணிட்டு நிரப்பிவிட வேண்டும்.

5. கொட்டாங்கச்சி, உடைந்த பானை, பழைய டயர், நெகிழிக் குவளை: அகற்ற வேண்டும். ஒரு கரண்டி நீர் கூடக் கொசுப் புழுவுக்குப் போதும்.

6. அங்கணத்து நீர்: குழியில் தேங்க விடாமல் வாழைக்கோ கல்வாழைக்கோ பாய்ச்சலாம். இடமில்லாதோர் மூன்றடி நீளம், அகலம், ஆழமுள்ள உறிஞ்சு குழி தோண்டி, அடியில் பெருங்கல்லும் மேலே சிறுகல்லும் மணலும் இட்டு நிரப்பலாம். குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது ஐம்பதடி தள்ளி இக்குழி அமைதல் வேண்டும்.

7. கழிப்பறைத் தொட்டியின் காற்றுக் குழாய்: அதன் வாயில் மெல்லிய வலை கட்ட வேண்டும்.

புகையும் மருந்தும்

நொச்சி, வேப்பிலைப் புகை கொசுவைச் சற்று நேரம் விரட்டும்; கொல்லாது. மூடிய அடுக்களையில் புகை சூழ்வது கண்ணுக்கும் நெஞ்சுக்கும் கேடு. தெருவில் அடிக்கும் புகைமருந்து பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். தொட்டியிலுள்ள புழு சில நாட்களில் புதிய கொசுவாக எழும்பிவிடும்.

விவசாயிகளுக்கு ஓர் எச்சரிக்கை: பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தை எக்காரணத்தைக் கொண்டும் வீட்டினுள் தெளிக்கலாகாது. அது உணவிலும் நீரிலும் கலந்து, கொசுவுக்கு முன் குழந்தைகளைத் தாக்கும். குடிநீர் அல்லாத தொட்டி நீரில் இட வேண்டிய புழுக்கொல்லி மருந்தைச் சுகாதாரப் பணியாளரே அளந்து இடுவார்.

மருந்தை மட்டும் நம்பியதன் விளைவை நம் நாடு ஒருமுறை கண்டுள்ளது. 1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும் 1958-இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கின. வீடுதோறும் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. 1960-களின் நடுவில் நோயாளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒரு லட்சமாகக் குறைந்தது. பின்னர்க் கண்காணிப்புத் தளர்ந்தது. கொசுக்களும் மருந்தை எதிர்த்து நிற்கும் வலிமை பெற்றன. 1976-இல் நோயாளிகள் 64 லட்சத்தை எட்டினர்.

நீர் வராத ஊரில் என் செய்வது?

பல ஊர்களில் குழாய் நீர் நாள்தோறும் வருவதில்லை. ஆகையால் தாய்மார்கள் கிடைத்த பாத்திரங்களிலெல்லாம் நீரைச் சேர்த்து வைக்கின்றனர். அவர்களிடம் சென்று, "நீரைக் கொட்டிவிடுங்கள்" என்று கூறுவது நியாயமன்று. நீர் வரும் நாளுக்கு முதல் நாள், அடியில் எஞ்சிய நீரைத் துணியால் வடிகட்டி வேறு பாத்திரத்தில் ஊற்றிக் கொண்டு, தொட்டியைத் தேய்த்துக் கழுவலாம். துணியில் தங்கும் புழுக்கள் உலர்ந்த தரையில் மடிந்துவிடும். ஒரு துளி நீரும் வீணாவதில்லை. வடிகட்டிய நீரைத் துணி துவைக்கவும் செடிக்கு ஊற்றவும் பயன்படுத்தலாம்.

இதற்குப் பஞ்சாயத்தின் துணை வேண்டும். எந்தத் தெருவுக்கு எந்நாளில் நீர் வரும் என்பதை நிச்சயப்படுத்தி முன்கூட்டியே அறிவித்தால், அதற்கு முந்திய நாள் அத்தெருவுக்குத் துப்புரவு நாளாக அமையும். நாள் தெரியாத இடத்தில் அச்சத்தினால் நீர் சேரும். நீர் சேரும் இடத்தில் கொசு சேரும்.

பஞ்சாயத்தின் கடமை

ஒரு வீட்டார் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், பக்கத்து வீட்டுத் தொட்டியில் பிறந்த கொசு சுவரைக் கடந்து வரும். ஆகவே இது தனி ஒருவரால் முடிகிற காரியமன்று. 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம், கொசு உற்பத்தியாகும் நீரை அகற்றுமாறு வீட்டுக்காரருக்கு அறிவிப்பு அளிக்க இடம் தருகிறது. எனினும் சட்டத்தைக் கடைசிக் கருவியாகக் கொண்டு, அன்பான வேண்டுகோளை முதற்கருவியாகக் கொள்வதே சிறந்தது.

அங்கத்தினர்கள் எளிய கணக்கொன்றைக் கைக்கொள்ளலாம். தெருவில் 50 வீடுகளைப் பார்வையிட்டு 6 வீடுகளில் புழு காணப்பட்டால், நூற்றுக்கு 12 என்று குறித்துக் கொள்க. அடுத்த மாதம் மீண்டும் பார்த்து, எண் குறைந்ததா என்று ஒப்பிடுக. ஆகஸ்டு 15 கிராம சபையில் இக்கணக்கைத் தெருவாரியாகப் படிக்கலாம். வீட்டுக்காரர் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் அக்டோபர் 2 சபையில் மீண்டும் படித்தால் முன்னேற்றம் புலப்படும்.

பயன்படாத கிணறுகளிலும் சிமெண்டுத் தொட்டிகளிலும் புழுவைத் தின்னும் கம்பூசியா மீனை விடலாம். ஆனால் ஏரி, குளம், ஆறுகளில் அதனை விடலாகாது. அது நம் நாட்டு மீன்களின் குஞ்சுகளையும் முட்டைகளையும் தின்றுவிடும்.

காய்ச்சல் கண்டால்

டெங்கு வைரசைக் கொல்லும் தனி மருந்து இல்லை. காலத்தோடு செய்யும் சிகிச்சையே உயிரைக் காக்கும். காய்ச்சல் கண்டவரை உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்க. கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கலாகாது. அவற்றுள் சில இரத்தக் கசிவை மிகுவிக்கும். காய்ச்சல் தணிந்ததும் நோய் நீங்கிற்று என்று எண்ணிவிடலாகாது. அப்போதுதான் அபாயம் நேர்வதுண்டு. கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் தாமதியாது மருத்துவமனை சேர்க்க வேண்டும். நோயாளி பகலிலும் வலைக்குள் படுத்திருப்பது, வீட்டிலுள்ள மற்றவர்களைக் காக்கும்.

வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், ஒரு கைப்பிடித் தேங்காய் நார் போதும். இவ்வேலையை அடுக்களையில் நிற்கும் பெண்கள் தலையில் மட்டும் சுமத்தாமல், ஆட்டுக்கல்லைப் புரட்டவும் டிரம்மைச் சாய்க்கவும் ஆண்களும் கை கொடுக்க வேண்டும். வரும் வெள்ளிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ, தங்கள் தெருவுக்கு ஏற்ற ஒரு நாளை இன்றே குறித்துக் கொள்வீர்களாக.