கையைக் கடிக்காத ஒரு நாள் நடை

கேள்வி: நவம்பரில் அலுவலக வேலையாக ஜப்பானின் நகோயா செல்கிறேன். ஒரு ஞாயிறு ஓய்வு. அதிகச் செலவில்லாமல் பழைய ஊர்களையும் மலைப்பாதையையும் பார்க்க முடியுமா?

பதில்: தாராளமாக. மகோமேயிலிருந்து த்சுமாகோவுக்கு நடந்து வாருங்கள். எடோ காலத்தில் இன்றைய டோக்கியோவையும் கியோட்டோவையும் இணைத்த நகசெந்தோ நெடுஞ்சாலையில் 69 தங்கல் ஊர்கள் இருந்தன. அவற்றில் அடுத்தடுத்த இரண்டு இவை.

நகோயாவிலிருந்து நகட்சுகவாவுக்குச் சாதாரண ரயிலே போதும். கட்டணம் 1,500 யெனுக்குள். ஒன்றேகால் மணி நேரப் பயணம். ‘ஷினானோ’ எக்ஸ்பிரஸில் ஏறினால் கூடுதல் கட்டணம் உண்டு. அங்கிருந்து மகோமேவுக்கு அரை மணி நேர பஸ்.

நடை சுமார் 8 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். மகோமேயில் தொடங்கினால் கணவாய் வரைதான் ஏற்றம். பிறகு பெரும்பாலும் இறக்கம். வழியில் கரடிகளை எச்சரிக்க மணிகள் தொங்கும். கூச்சப்படாமல் ஓங்கி அடியுங்கள். கணவாயைத் தாண்டியதும் பழைய தேநீர் விடுதி ஒன்றில் தேநீர் இலவசம். விரும்பினால் உண்டியலில் காசு போடலாம். பசித்தால் இடித்த சோற்றைக் குச்சியில் பிடித்து, இனிப்பும் உப்புமான கலவை தடவிச் சுட்ட ‘கோஹெய் மோச்சி’ வாங்கிச் சாப்பிடுங்கள்.

த்சுமாகோ மக்கள் வீடுகளை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று 1971-இல் தாங்களே உறுதி எடுத்தவர்கள். பகலில் பிரதான தெருவில் கார் கிடையாது.

திரும்பும்போது த்சுமாகோவிலிருந்து நகிசோ ரயில் நிலையத்துக்கு பஸ் குறைவு. நேரத்தை முன்பே பார்த்துவையுங்கள். ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.